லைன் வீட்டுப் பசங்களுக்கு இங்கிலீஷ் கிராமர், எங்க இருந்து ஆரம்பிக்கறது?

கோத்தகிரிமஞ்சு:
வணக்கம் மக்களே. கோத்தகிரி பக்கம் ஒரு டீ எஸ்டேட் லைன்ல, அதாவது தொழிலாளிங்க குடியிருக்கற வரிசை வீடுங்கள்ல, சாயங்காலம் பசங்களுக்கு கிளாஸ் எடுக்கறேன். 2021ல அரசோட இல்லம் தேடிக் கல்வித் திட்டம் ஆரம்பிச்சப்ப தன்னார்வலரா சேந்தது, அப்படியே பழகிடுச்சு. மூணாவதுல இருந்து அஞ்சாவது வரைக்கும் 11 பேரு. ரெண்டு பேரு பக்கத்து ஹட்டில (படுகர் ஊர்) இருந்து வர்ற படுகர் வீட்டுப் பசங்க, ஒரு பொண்ணு ஜார்க்கண்ட்ல இருந்து கொழுந்து பறிக்க வந்த குடும்பம், வீட்ல இந்தி. மத்தவங்க தமிழ்.

நவுன், வெர்ப் டெஃபனிஷன் எல்லாம் தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் சொல்லுவாங்க, ஆனா வாயத் தொறந்தா ‘ஹி டீச்சர்’. அப்பா தினமும் என்ன பண்ணுவாருன்னு கேட்டா ‘மை ஃபாதர் வில் ட்ரிங்க் டீ டெய்லி’. திருத்தித் திருத்தி கை ஓஞ்சு போச்சு, மறுநாள் அதே ‘வில்’. அந்த ஜார்க்கண்ட் பொண்ணு மட்டும் ‘ஹி ஈஸ் டீச்சர்’னு கரெக்டா ‘ஈஸ்’ போடுது, சேந்து மூணு மாசம்தான் ஆகுது! எப்படிங்க? பேசாம 12 டென்ஸ் டேபிளையும் எழுதிப்போட்டு மனப்பாடம் பண்ண வைக்கவா?

வர்க்கிபிரியன்:
டேபிள மட்டும் எழுதிடாதீங்க. அவங்க தமிழைத்தான் இங்கிலீஷ் வார்த்தை போட்டு பேசறாங்க, அவ்வளவுதான். ‘அவர் டீச்சர்’, இதுல வினைச்சொல் எங்க இருக்கு சொல்லுங்க? இந்தில ‘வோ டீச்சர் ஹை’னு கடைசில ஒரு ‘ஹை’ வந்தே தீரும், அதனால அந்தப் பொண்ணுக்கு ‘ஈஸ்’ ஒண்ணும் புதுசில்ல. ஆனா பாருங்க, அதுவும் ‘ஏ டீச்சர்’னு சொல்லல, ஏன்னா ஏ, ஆன், தி மாதிரி ஆர்ட்டிகிள் இந்திலயும் கிடையாது நம்மகிட்டயும் கிடையாது.

‘வில்’லும் அதே கதைதான். அப்பா தினமும் டீ குடிப்பார், நாளைக்கு டீ குடிப்பார், ரெண்டுக்கும் ஒரே ‘குடிப்பார்’. குழந்தை ‘ப்பார்’னா ‘வில்’னு புரிஞ்சுக்கிட்டிருக்கு, அதுல என்ன தப்பு? இந்தில ‘பீத்தா ஹை’ வேற ‘பியேகா’ வேற. அந்தப் பொண்ணு இந்த இடத்துல ‘வில்’ போடுதான்னு கவனிங்க.

நான் பண்றது என்னன்னா தரையில சாக்பீஸ்ல ஒரு கோடு, இந்தப் பக்கம் ‘தினமும்’ அந்தப் பக்கம் ‘நாளைக்கு’. நீங்க தமிழ்ல வாக்கியம் சொல்லுங்க, பசங்க பக்கம் பாத்து குதிக்கணும், குதிச்சப்புறம்தான் இங்கிலீஷ். ‘மினி பஸ் ஏழரைக்கு வரும்’னு ஒண்ணு விடுங்க, சண்டை வரும். வரட்டும்.

குன்னூர்_டைகர்ஹில்:
ஏ, ஆன் குழப்பத்துக்கு நம்ம ஒரு/ஓர் இருக்கே. உயிரெழுத்து முன்னாடி வந்தா ஓர், ஓர் ஊர், ஓர் இலை. இங்கிலீஷ் வார்த்தையை தமிழ்ல எழுத வைங்க, மணி நேரத்துக்கு ‘அவர்’, அகரம், அப்ப ஆன். ‘யூனிஃபார்ம்’ யகரம், அப்ப ஏ. ஸ்பெல்லிங்க பாத்தாதான் வம்பு.

கூடலூரான்:
ஐடியா சூப்பர், ஆனா அனுபவத்துல சொல்றேன், எங்க வீட்ல முட்டை ‘யெக்’குதான், பையன் அதை நம்பி ‘ஏ எக்’னு எழுதிட்டு வந்து நின்னான். ‘ஒன் ருபீ’யும் அப்படித்தான், ‘வன்’னு சொல்லிக்குடுக்கலன்னா ஆன் போட்டுருவாங்க. மொதல்ல காது, அப்புறம் எழுத்து. இதுல இவன் ஸ்கூல்ல தமிழ் பேசினா 10 ரூவா ஃபைன் வேற, தமிழே பேசாம ஓர் எங்க இருந்துங்க வரும்?

கோத்தகிரிமஞ்சு:
வர்க்கி சார், கோடு போட்டேன்! ஜார்க்கண்ட் பொண்ணு ‘மை ஃபாதர் ட்ரிங்க் டீ’னுச்சு. ‘வில்’ இல்ல, ‘எஸ்’ஸும் இல்ல 😄 தமிழ்ல வந்தேன் வந்தான் வந்தாங்கன்னு ஆளுக்கொரு வால் வச்சிருக்கோம், இங்க ஹி, ஷி, இட்டுக்கு மட்டும் ஒத்தை ‘எஸ்’, அதைத்தான் எல்லாரும் முழுங்கறாங்க.

மினி பஸ்ஸுக்கு நீங்க சொன்ன மாதிரியே சண்டை. அடுத்து ‘கரடி வரும்’னேன், ஹட்டிப் பையன் ஒருத்தன் கோட்டு மேலயே நின்னுட்டு ‘அக்கா, அது தினமும் வருது, நாளைக்கும் வரும், நான் எங்க நிக்கறது’ன்னான். நெஜமாவே நாலு நாளா லைன் பக்கம் நடமாட்டம் இருக்கு, அதனால அஞ்சரைக்கே கிளாஸ முடிச்சு கூட்டமா அனுப்பி விட்டேன். ‘எஸ்’ நாளைக்கு.