புதுப்பிப்பு: சம்பள பாக்கிக்காகச் சமரசப் பேச்சுக்குப் போனேன்

வேலையை விட்ட பிறகும் மூன்று மாதச் சம்பளத்தையும் அனுபவச் சான்றிதழையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், வழக்குப் போடவா சமரசத்துக்குப் போகவா என்று முன்பு கேட்டிருந்தேன். சமரசத்துக்கே போனேன். ஒரே நாளில் முடிந்தது.

சமரசர் தீர்ப்பு சொல்லவில்லை. அந்த அதிகாரமே அவருக்குக் கிடையாது. முதலில் எல்லாரும் ஒரே மேசையில். பத்து நிமிடத்தில் குரல் உயர்ந்தது (என்னுடையதுதான்). அப்புறம் தனித்தனி அறையில் உட்கார வைத்து, மாறி மாறி வந்து பேசினார். நான் சொன்னதில் எதை அந்தப் பக்கம் சொல்லலாம் என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டார். "வழக்கில் தோற்றால் என்ன செய்வீர்கள்?" என்றபோதுதான் என் கணக்கு மாறியது.

சம்பளம் முழுதும் இரண்டு தவணையில் வரும். சான்றிதழின் வாசகத்தையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டேன். மன்னிப்பு? அது கிடைக்கவில்லை.

நிறுவனம் வெளிநாட்டில் இருந்தால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். சமரச ஒப்பந்தங்களை நாடு கடந்து அமல்படுத்த 2019-ல் கையெழுத்தான சிங்கப்பூர் உடன்படிக்கை, வேலைவாய்ப்புச் சட்ட விவகாரங்களுக்குப் பொருந்தாது. அதை நம்பி இறங்காதீர்கள். பேச்சு நடக்கும்போதே வழக்குக்கான காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கலாம், தேதியைக் குறித்து வையுங்கள்.

முதல் தவணை நேற்று வந்துவிட்டது.