புதுப்பிப்பு: ரப்பர் மாதிரி வந்த வாழைப்பழ கேக்

போன வாரம் புலம்பியிருந்தேனே, கேக் இழுத்தா ரப்பர், வெட்டினா உள்ளே நீள நீளமா ஓட்டைன்னு. ஓவன் மேல பழி போட்டேன். பாவம், தப்பு மாவை நான் பீட்டரால (கரண்ட்ல ஓடுற கலக்கி) அடிச்சதுலதான்.

நேத்து மறுபடி செஞ்சேன். மாவு, சமையல் சோடா, உப்பு சலிச்சு ஒரு கிண்ணம். செந்தூல் மார்க்கெட்ல வாங்கின பெராங்கான் வாழைப்பழம் (தோல் கறுத்தது), முட்டை, எண்ணெய், தயிர், சீனி இன்னொரு கிண்ணம். சீனி ஈரத்தோட சேரணும், அப்பதான் கரையும். மாவை அதுல கொட்டி, அடியிலிருந்து மேலே மடிச்சேன், அவ்வளவுதான். வெள்ளைக் கோடு மறையுற நேரத்துல நிறுத்திட்டேன். கட்டி கட்டியா இருந்துச்சு, கை பரபரன்னுச்சு, தொடல. ஈரம் பட்ட மாவைக் கிளறக் கிளற குளுட்டன் (மாவுக்கு இழுவை தர்ற புரதம்) இறுகும். பரோட்டா மாதிரி இருக்கிற ரொட்டி சானாய்க்கு அது வேணும், இதுக்கு எதுக்கு?

இன்னொன்னு: தயிர் பட்டதுமே சோடா நுரைக்க ஆரம்பிச்சிடும். போன தடவை கலந்து வச்சிட்டு மகனை டியூஷன்லேர்ந்து கூட்டிட்டு வரப் போயிட்டேன்! இந்தத் தடவை ஓவனை முன்னாடியே 170 டிகிரிக்குச் சூடாக்கி ரெடியா வச்சிட்டேன்.

மேலே வெடிப்பு விழுந்துச்சு. சரி பண்ணப் போறதில்ல, அந்தத் துண்டுதான் முதல்ல காலியாச்சு.