மவுஸ்ஸாகலை பக்கம் வீடு மாறுகிறோம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அண்ணன்மார், அக்காமாருக்கு வணக்கம்.

ஹட்டன் டவுனில் வாடகைக்கு இருந்த நாங்கள் அடுத்த மாதம் மஸ்கெலியாவுக்குக் குடிபோகிறோம். வீட்டுக்குக் கீழே மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம், மேலே தேயிலை, அதற்கும் மேலே சிவனொளிபாத மலைக் காடு. அம்மாவுக்குத்தான் கொள்ளைச் சந்தோசம். 1969இல் அணை வந்தபோது தண்ணீருக்குள் போன பழைய மஸ்கெலியாவில் பிறந்தவர். தண்ணீர் வற்றினால் பழைய கோயில் தலைகாட்டுமே, அதை வாசலில் இருந்தே பார்க்கலாம் என்கிறார். (வாசலில் இருந்து பார்த்தால் அது தெரியாது, அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.)

எனக்கு மூன்று பயம். வீட்டுக்குப் பின்னால் மண்மேடு செங்குத்தாக நிற்கிறது. மே மாதம் தென்மேற்கு மழை தொடங்கினால் என்ன ஆகும்? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் மண்சரிவு அறிக்கை எடுத்தவர்கள் இருக்கிறீர்களா? முதலில் கிராம உத்தியோகத்தரிடமா போக வேண்டும், எத்தனை நாள் இழுக்கும்?

அப்புறம் சிறுத்தை. அது முதலில் நாயைத்தான் தூக்கும் என்கிறார்கள். எங்கள் மணியை இரவில் உள்ளே படுக்க வைத்தால் போதுமா, கம்பிக் கூடு அடிக்க வேண்டுமா?

பிள்ளைகள் இரண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது. கரைப்பக்கம் வேலி போட்டவர்கள் எதில் போட்டீர்கள் என்று சொன்னால் புண்ணியம். அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் இருக்கிறது, அதை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.