சிபியு 13% தான் காட்டுது, ஆனா மெஷின் நகரல: கிராஃபை எப்படிப் படிக்கிறது?

தங்கசாலை:
பாரிமுனை கிளியரிங் ஆபீஸ்கள்ல அடிக்கடி கேட்கிற புகார் இது. பில்லிங் தொங்குது, டாஸ்க் மேனேஜர் 13% காட்டுது, உடனே ராம் வாங்கக் கிளம்பிடுறாங்க. கொஞ்சம் பொறுங்க. 8 லாஜிக்கல் ப்ராசஸர் (விண்டோஸ் வேலை ஓட்டுற தனித்தனி இடங்கள்) உள்ள மெஷின்ல ஒரே ஒரு த்ரெட் (ஒரு நேரத்துல ஒரு ப்ராசஸர்ல மட்டும் ஓடுற வேலைச் சரடு) முழுசா ஓடினா மொத்தக் கணக்குல 100/8, அதாவது 12.5% தான். கிராஃப் மேல ரைட் கிளிக், 'சேஞ்ச் கிராஃப் டு', 'லாஜிக்கல் ப்ராசஸர்ஸ்' போடுங்க. ஒரு பெட்டி உச்சியில ஒட்டி நிக்கும். எப்பவும் அப்படித் தெரியாது. விண்டோஸ் அந்த த்ரெடைக் கோர் மாத்தி மாத்தி ஓட்டும், ரெண்டு மூணு பெட்டியில அரைகுறையா ஏறி இறங்கும். மொத்தக் கோடு 13 பக்கத்துல, சில விண்டோஸ் பதிப்புல டர்போ (சிபியு அடிப்படை வேகத்தைத் தாண்டி ஓடுறது) ஏறினா கொஞ்சம் மேல, மேசை மாதிரி தட்டையா நிக்கிறதுதான் அடையாளம். அதுக்கு ராம் பதில் இல்ல, ஒரு கோர் வேகம்தான் பதில்.

அதே மெனுவில 'ஷோ கெர்னல் டைம்ஸ்' டிக் பண்ணுங்க, கெர்னல் (ஓஎஸ்ஸோட உள்மையம்) எடுக்கிற நேரம் அடர் நிறத்துல தெரியும். அந்தப் பகுதி பெருசா இருந்தா டிரைவர், ஆன்டிவைரஸ் பக்கம் தேடுங்க.

பெரம்பூர்:
சரியாச் சொன்னீங்க சகோ. இடைவெளியையும் பாருங்க. அப்டேட் ஸ்பீட் 'லோ'ன்னா 4 செகண்டுக்கு ஒரு புள்ளி. நடுவுல 0.4 செகண்ட் 100% அடிச்சாலும் 10% தான் தெரியும். 'ஹை' வைங்க.

லினக்ஸ் மெஷின்ல நீங்களே கிராஃப் வரையுறதா இருந்தா, அதோட கெர்னல் சதவீதமே தராது, பூட் ஆனதிலிருந்து சிபியு எதுக்கு எவ்வளவு நேரம் செலவழிச்சதுன்னு கூடிக்கிட்டே போற எண்களைத்தான் தரும். ரெண்டு தடவை படிச்சுக் கழிக்கணும். அதனாலதான் விஎம்ஸ்டாட் (இதைக் காட்டுற லினக்ஸ் கட்டளை) முதல் வரியைக் கண்டுக்கக் கூடாது, அது பூட்டிலிருந்து சராசரி. வரையும்போது யூசர் (புரோகிராம்கள் எடுத்த நேரம்), சிஸ்டம் (கெர்னல் எடுத்த நேரம்), ஸ்டீல் (விர்ச்சுவல் மெஷின்ல மத்த மெஷினுக்குப் போன நேரம்) மூணையும் தனித்தனி நிறத்துல அடுக்குங்க. ஐஓவெயிட்டுக்கு வெளிறிய நிறம் போதும், அந்த நேரம் சிபியு சும்மாதான் இருக்கு, டிஸ்க்குக்குக் காத்திருக்கு. செங்குத்து அச்சை 0–100ல பூட்டிடுங்க. ஆட்டோ ஸ்கேல் விட்டா 3% கூட மலையாத் தெரியும். ஒரு நாள் கிராஃப்னா சராசரியோட உச்சத்துக்கும் ஒரு கோடு அவசியம்.

ராயபுரம்:
எல்லாம் சரி, க்ளாக் வேகக் கோடு இல்லாம கிராஃப் பாதிதான். ஹார்பர் ரோட்டுப் பக்கம் லாரித் தூசியும் கடல் ஈரமும் சேர்ந்து ஹீட்சிங்க்ல கம்பளி மாதிரி படியும். பயன்பாடு 100%லயே இருக்கும், வேகம் மட்டும் விழுந்திருக்கும். பெர்ஃபார்மன்ஸ் மானிட்டர்ல 'ப்ராசஸர் இன்ஃபர்மேஷன்' கீழ '% ப்ராசஸர் பெர்ஃபார்மன்ஸ்' சேருங்க. 100 அடிப்படை வேகம், டர்போவில அதைத் தாண்டும். அதனால ப்ராப்பர்ட்டீஸ்ல அச்சின் மேக்ஸிமத்தை 200 ஆக்குங்க, இல்லன்னா மேல் பாதி வெட்டுப்படும். முழு லோட்ல 100க்குக் கீழ சரிஞ்சா சூட்டைச் சந்தேகப்படுங்க. லேப்டாப்னா அடாப்டர் வாட் போதாட்டியும் வேகம் விழும், அதையும் பாருங்க. ஃபேன் சுத்தாமப் பிடிச்சுக்கிட்டுத் தூசியை ஊதுங்க, சிபியுக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவுல இருக்கிற தெர்மல் பேஸ்ட்டை மாத்துங்க, அதே வேலையைத் திரும்ப ஓட்டி ரெண்டு கிராஃபையும் பக்கத்துல வச்சுப் பாருங்க.

தங்கசாலை:
அருமை அண்ணே. ஸ்க்ரீன்ஷாட் போடுறவங்க லாஜிக்கல் ப்ராசஸர் எத்தனை, அப்டேட் ஸ்பீட் என்னன்னு கூடவே எழுதுங்க.