எண்ணூரிலிருந்து ஓசூருக்கு எல்என்ஜி டேங்கர்: வழியில் நின்றால் எத்தனை நேரம் தாங்கும்?

ஓசூர்_ஸ்டோர்ஸ்:
வணக்கம். எங்கள் ஆலையில் ஃபர்னஸ் ஆயிலை விட்டு எல்என்ஜிக்கு, அதாவது குளிரவைத்துத் திரவமாக்கிய இயற்கை எரிவாயுவுக்கு, மாறுகிறோம். எண்ணூரிலிருந்து டேங்கரில் வரும், சுமார் 300 கி.மீ. பத்து வருடமாக எல்பிஜி லோடு இறக்கியிருக்கிறேன். அதே நடைமுறை போதுமா? வண்டி எங்காவது மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்?

மீஞ்சூர்_வண்டிக்காரன்:
தம்பி, எல்பிஜி பழக்கத்தை அப்படியே கொண்டுவராதீர்கள். 2019-ல் எண்ணூர் எல்என்ஜி முனையம் தொடங்கியதிலிருந்து டேங்கர்களுக்கு நேரம் போடுவதுதான் என் வேலை. எல்பிஜியை அழுத்தம் திரவமாக வைத்திருக்கிறது. எல்என்ஜியை வைத்திருப்பது குளிர்தான், மைனஸ் 162 டிகிரி. தொட்டியின் இரண்டு சுவருக்கு நடுவே வெற்றிடம் இருந்தாலும் வெப்பம் கசிந்து உள்ளே போய்க்கொண்டேதான் இருக்கும். திரவம் ஆவியாகும், அழுத்தம் ஏறும். அதிக அழுத்தத்தை வெளியேற்றும் ரிலீஃப் வால்வு திறக்கும் அளவுக்கு அது ஏற எத்தனை நேரம் பிடிக்குமோ, அதுதான் ஹோல்டிங் டைம். ஏற்றும்போது இருந்த அழுத்தம், நிரப்பிய அளவு, வெற்றிடத்தின் நிலை, மூன்றையும் பொறுத்து அது லோடுக்கு லோடு மாறும்.

அதனால் நான் கிலோமீட்டர் பார்ப்பதில்லை, அழுத்தம் காட்டும் கேஜைத்தான் பார்ப்பேன். கிளம்பும்போது ஒரு ரீடிங், வாலாஜாபேட்டையில் ஒன்று, கிருஷ்ணகிரியில் ஒன்று, டிரைவர் போனில் சொல்ல வேண்டும். வழக்கத்தைவிட வேகமாக ஏறினாலோ, வெளித்தொட்டியில் பனி படிந்தாலோ வெற்றிடம் போய்விட்டது என்று சந்தேகப்படுவேன்.

2022-ல் ஒரு ஆலையில், லோடு வாசலுக்கு வந்த பிறகுதான் தொட்டியில் இடமில்லை என்றார்கள். வண்டி இரண்டு இரவு திறந்த வெளியில் நின்றது. மணிக்கொரு முறை கேஜ் பார்த்தோம், தூக்கமே இல்லை. கடைசியில் வேறு ஆலைக்குத் திருப்பி இறக்கினோம். அன்றிலிருந்து, தொட்டியில் எவ்வளவு இடம் என்று தெரியாமல் எண்ணூர் கேட்டை ஒரு வண்டிகூடத் தாண்ட விடுவதில்லை.

அப்புறம், மொத்தத்தையும் வடித்து இறக்காதீர்கள். கொஞ்சம் திரவம் உள்ளே இருந்தால்தான் வண்டியின் தொட்டி குளிர்ச்சி மாறாமல் திரும்பும். சூடாகிவிட்டால் அடுத்த லோடுக்கு முன் மறுபடி குளிரவைக்க நேரம் போகும்.

பாதுகாப்பு_அலுவலர்:
அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்என்ஜிக்கு வாசனை கிடையாது. எல்பிஜியில் கலக்கும் நாற்றப்பொருள் இந்தக் குளிரில் உறைந்துவிடும். மூக்கை நம்பாமல் வாயுக் கசிவைக் காட்டும் டிடெக்டர் வையுங்கள். கசிந்தால் தெரியும் வெள்ளைப் புகை காற்றின் ஈரம்தான். எரியும் வாயு அதையும் தாண்டிப் பரவியிருக்கலாம். குளிர்ந்திருக்கும்வரை தரையோடு படரும், சூடானபின் மேலே போகும். தேங்கிய திரவத்தின் மேல் தண்ணீர் பீய்ச்சக் கூடாது, இன்னும் வேகமாக ஆவியாகும்.

2002-ல் ஸ்பெயினில் திவிசா அருகே ஒரு எல்என்ஜி டேங்கர் கவிழ்ந்து தீப்பிடித்தது. சுமார் இருபது நிமிடத்தில் தொட்டி வெடித்தது, டிரைவர் இறந்தார். அது வெற்றிடச் சுவர் இல்லாத, நுரைக் காப்பு போட்ட தொட்டி. எனவே உங்களுக்கு எந்த வகைத் தொட்டி வருகிறது என்று எழுத்தில் கேளுங்கள். தொட்டியைத் தீ நெருங்கினால் அணைக்க நிற்காமல் எல்லோரும் தூரம் போக வேண்டும்.

ஓசூர்_ஸ்டோர்ஸ்:
ரொம்ப நன்றி அண்ணா, நன்றி சார். எங்கள் ஆலையில் காலை 6 மணிக்கு ஷிஃப்ட் மாறும், வாசலில் கூட்டம் இருக்கும். வண்டி 8 மணிக்கு வந்தால் பரவாயில்லையா?

மீஞ்சூர்_வண்டிக்காரன்:
தாராளமாக. வெளிவட்டச் சாலையில் ஏறி நகரத்தைத் தொடாமல் ராத்திரியே தாண்டிவிடலாம். இரண்டு டிரைவர் போடச் சொல்லுங்கள். முதல் லோடு கிளம்பும் அன்று எனக்கும் ஒரு செய்தி போடுங்கள், ரீடிங்கைச் சேர்ந்து பார்ப்போம்.