முண்டு மிளகாய் முளைக்கிறது, ஆனால் நாற்று சாய்ந்து செத்துப்போகிறது. விதையில் கோளாறா?

தாம்பரம்_மாடி:
வணக்கம். எங்கள் மொட்டைமாடியில் தக்காளி, கத்தரி, கொத்தவரை ஓரளவு வருகிறது. ஆடி பிறந்ததும் மிளகாயும் போடலாமே என்று, மளிகைக்கடையில் வாங்கிய முண்டு வற்றலை உடைத்து, தயிர் டப்பாவில் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) நிரப்பி விதையைத் தூவிவிட்டேன். வற்றல் விதை முளைக்காது என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள், ஆனால் பத்து நாளுக்குள் கும்பலாக வந்துவிட்டது. பிரச்சினை அப்புறம்தான். இரண்டு இலையோடு நன்றாக நிற்கிற நாற்று, மறுநாள் காலையில் பார்த்தால் மண்ணை ஒட்டிய இடத்தில் நூல் மாதிரி இளைத்துப் படுத்துக் கிடக்கிறது. காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கிறேன், வெயில் தாங்காதே என்று படிக்கட்டு நிழலில்தான் வைத்திருக்கிறேன். பக்கத்து டப்பாவில் நாகர்கோவிலிலிருந்து வந்த காந்தாரி மிளகாய் விதை, அது இன்னும் தலையே காட்டவில்லை. பேசாமல் பாக்கெட் விதை வாங்கிவிடட்டுமா?

வைகைக்கரை:
விதை மேல் பழி போடாதீர்கள். முளைத்து இரண்டு இலை விட்டதென்றால் விதை தன் வேலையை முடித்துவிட்டது. நீங்கள் சொல்வது நாற்றழுகல். பித்தியம் மாதிரி சில பூஞ்சைகள் ஈரம் வற்றாத மண்ணில் பெருகி, தண்டைத் தரைமட்டத்தில் அரித்துவிடும். நெருக்கமான விதைப்பு, நிழல், காற்றோட்டம் இல்லாத மூலை, இருவேளைத் தண்ணீர், இவை எல்லாம் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம்தான், எந்த விதையைப் போட்டாலும் இதேதான் நடக்கும்.

இப்போது செய்ய வேண்டியது: சாய்ந்த நாற்றைச் சுற்றியுள்ள கோகோபீட்டோடு சேர்த்து அள்ளி வெளியே போடுங்கள், உரக்குழியில் வேண்டாம். மீதியில் ஒன்றுக்கொன்று இரண்டு விரல் இடைவெளி இருக்கும்படி கலைத்துவிடுங்கள், பிடுங்காமல் கத்தரியால் நறுக்கினால் பக்கத்து வேர் அசையாது. டப்பாவைக் காலை வெயில் நாலு மணி நேரமாவது படும் இடத்துக்கு நகர்த்துங்கள், ஆனால் நிழலில் வளர்ந்ததை ஒரே நாளில் உச்சி வெயிலில் வைத்துவிடாதீர்கள், மூன்று நான்கு நாளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். தண்ணீரை மேலே தெளிக்காமல் ஒரு தட்டில் ஊற்றி டப்பாவை அதில் வைத்தால் அடியிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும், மேற்பரப்பு ஈரமானதும் எடுத்துவிடுங்கள். மறுபடி மேல்பகுதி காய்ந்து வெளுத்த பிறகுதான் அடுத்த தண்ணீர். சாயங்காலம் ஊற்றவே வேண்டாம், ராத்திரி முழுக்க ஈரம் நிற்கும்.

அடுத்த முறை விதைப்பதற்கு முன் சூடோமோனாஸ் அல்லது டிரைக்கோடெர்மா விரிடி (இரண்டும் நோய்ப் பூஞ்சையை அடக்கும் நுண்ணுயிர்த் தூள்) ஒரு சிட்டிகை எடுத்து, விதையோடு சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் புரட்டி நிழலில் உலர்த்திப் போடுங்கள். உரக்கடையில் கிடைக்கும், அரைக்கிலோ வாங்கினால் வீட்டுக்குத் தாராளம். கோகோபீட் கட்டியாக வாங்கினதென்றால் ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீர் அலசுங்கள், உப்பு இருக்கும். கையில் பிடித்துப் பிழிந்தால் ஒரு சொட்டு இரண்டு சொட்டுதான் வர வேண்டும், அதுதான் பதம். விதை அரை சென்டிமீட்டர் ஆழம் போதும்.

ராமநாதபுரம் பக்கம் இதே முண்டை மானாவாரியில் நேரே வயலில் விதைக்கிறார்கள், அந்த வறட்சியைத் தாங்கின ரகம். 2023இல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. அதைப் போய் நிழலில் வைத்துத் தண்ணீரில் முக்கினால் எப்படி?

குமரி_அக்கா:
காந்தாரிக்கு அவசரப்படாதீர்கள் தம்பி. அது சாதாரண மிளகாய் இனமே இல்லை, வேறு இனம், முளைக்க மூன்று வாரம், ஒரு மாதம்கூட ஆகும். காய்ந்து ரொம்ப நாளான விதை என்றால் இன்னும் மந்தம். எங்கள் ஊரில் யாரும் இதைத் தனியாக விதைப்பதில்லை, பழத்தைக் கொத்தித் தின்கிற குருவி வேலியோரம் போட்டுவிட்டுப் போகும், அங்கே தானாக வரும். (பறவைக்குக் காரம் உறைக்காது, நமக்குத்தான் கண்ணில் தண்ணீர்.) டப்பாவைக் கிளறிப் பார்க்காமல் சூடான இடத்தில் லேசான ஈரத்தோடு வைத்திருங்கள். அதற்கும் வரவில்லை என்றால் செடியிலேயே சிவந்து பழுத்த பழமாக யாரிடமாவது வாங்கி அன்றைக்கே பிதுக்கிப் போடுங்கள். விதை எடுத்த கையைக் கண்ணில் வைத்துவிடாதீர்கள், சோப்பு போட்டாலும் உடனே போகாது, முதலில் கொஞ்சம் எண்ணெய் தேய்த்துவிட்டுக் கழுவுங்கள்.

சாம்பல்_விவசாயி:
அடுப்புச் சாம்பலும் மஞ்சள்தூளும் தூவுங்கள், எல்லாம் சரியாகிவிடும்.

வைகைக்கரை:
சாம்பல் கொஞ்சம் ஈரத்தை இழுக்கும், அவ்வளவுதான். அள்ளிக் கொட்டினால் மண்ணின் காரத்தன்மை (pH) ஏறி நாற்று வெளுத்துவிடும். தண்ணீரைக் குறைக்காமல் எதைத் தூவியும் பிரயோஜனம் இல்லை.

தாம்பரம்_மாடி:
நன்றி. டப்பாவின் அடியில் ஒரே ஒரு ஓட்டைதான் இருந்தது, சூட்டுக்கம்பியால் இன்னும் நாலைந்து போட்டுவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். பெரிய பைக்கு எப்போது மாற்றுவது? குடைமிளகாயும் பக்கத்தில் வைக்க ஆசை, காந்தாரி பக்கத்தில் இருந்தால் குடைமிளகாய் காரமாகிவிடும் என்கிறார்களே?

மதுராந்தகம்_பண்ணை:
விதைத்து 35 முதல் 40 நாளில், ஐந்தாறு உண்மை இலை (முளைத்ததும் வரும் முதல் இரண்டு வித்திலை கணக்கில்லை) வந்ததும் மாற்றலாம். சாயங்காலம் நடுங்கள். ஒரு செடிக்கு ஒரு அடி ஆழப் பை, அதில் செம்மண், மண்புழு உரம், கோகோபீட் சமமாக, ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. சென்னையில் ஐப்பசி மழைக்கு முன் வேர் பிடித்துவிட்டால் நல்லது, மழையில் பை ஊறி நின்றால் இந்த அழுகல் பெரிய செடிக்கும் வரும், செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.

நட்ட பிறகு உண்மையான தலைவலி இலைச் சுருட்டல்தான், அதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். இலை விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்து காம்பு நீண்டால் சிலந்திப்பூச்சி. முதலாவதற்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சோப்புக்கரைசலில் கலந்து இலையின் அடிப்பக்கம் படும்படி சாயங்காலம் அடியுங்கள். சிலந்திக்கு வேப்பெண்ணெய் ஓரளவுதான், நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து அடிக்கும் கந்தகத்தூள்) வேலை செய்யும், ஆனால் இரண்டையும் அடுத்தடுத்து அடித்தால் இலை கருகும், இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள். செடியே குட்டையாகி, இலை சிறுத்துக் கொத்தாகிவிட்டால் அது வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ், மருந்து கிடையாது, பிடுங்கிவிடுங்கள். பாவம் பார்த்து வைத்திருந்தால் பக்கத்துச் செடிக்கும் போகும்.

குடைமிளகாய் விஷயம்: இந்த வருடக் காய் காரமாகாது, காயின் சதை தாய்ச்செடியுடையது. ஆனால் மகரந்தம் கலந்திருந்தால் அந்தக் காயின் விதையைப் போட்டு அடுத்த வருடம் வரும் செடியில் எது வேண்டுமானாலும் காய்க்கும். விதைக்கென்று எடுப்பதாக இருந்தால் பூ விரிவதற்கு முன் ஒரு கிளையை மெல்லிய துணிப்பையால் மூடிக் கட்டுங்கள், தன் மகரந்தத்திலேயே பிடிக்கும், பிஞ்சு தெரிந்ததும் பையை அவிழ்த்து அந்தக் காயில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள்.