தடய வேதியியல்: இளங்கலையிலேயே தொடங்கியாக வேண்டுமா?

கோத்தகிரி அம்மா:
அனைவருக்கும் வணக்கம். என் மகள் இந்த ஆண்டு பிளஸ் டூ முடிக்கிறாள். 2023இல் அவலாஞ்சி அருகே விஷம் கலந்த மாட்டுச் சடலத்தைத் தின்று இரண்டு புலிகள் இறந்த செய்தியைப் படித்ததிலிருந்து, தடய வேதியியல்தான் படிப்பேன் என்று உறுதியாக இருக்கிறாள். சமவெளியில் ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. தடய அறிவியல் இருக்கிறது. ஆனால் விடுதியையும் சேர்த்தால் கட்டணம் எங்கள் சக்திக்கு மீறியது. ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியலில் சேர்த்தால் அந்த வழி அடைபட்டுவிடுமா?

ஓய்வுபெற்ற பகுப்பாய்வாளர், குன்னூர்:
அடைபடாது அம்மா. அதுவே நேரான வழி என்பேன். சென்னையில் 1849இல் வேதியியல் பரிசோதகர் ஆய்வகம் தொடங்கிய காலம் முதல் இந்தப் பணியின் அடித்தளம் பகுப்பாய்வு வேதியியல்தான். பூச்சிமருந்து குடித்து இறந்த ஒருவரின் உள்ளுறுப்புகள் பெரும்பாலும் பூரித உப்புக் கரைசலில் இட்டு, முத்திரை வைத்த பாட்டில்களில் ஆய்வகத்துக்கு வரும். ஃபார்மலினில் இட்டால் பல நஞ்சுகளைப் பிரித்தெடுப்பது கடினமாகிவிடும். திசுவிலிருந்து நஞ்சைக் கரைப்பானில் இறக்கி, சிலிக்கா பூசிய தகட்டில் புள்ளியாக வைத்து ஏறவிட்டு, வினைப்பொருளைத் தெளித்து, தெரிந்த பூச்சிமருந்தின் புள்ளியோடு ஒப்பிட வேண்டும். பிறகு கலவையைக் கூறுகளாகப் பிரிக்கும் வாயு குரோமடோகிராபியும், மூலக்கூறின் நிறையைக் கொண்டு அதை அடையாளம் காணும் நிறை நிறமாலைமானியும் இணைந்த கருவியில் உறுதிப்படுத்த வேண்டும். அழுகிய திசுவே தன் பங்குக்குப் பல சேர்மங்களை வெளியிடும் என்பதால், எது நஞ்சு, எது அழுகலில் பிறந்தது என்று பிரித்தறியக் கரிம வேதியியல் கைவந்திருக்க வேண்டும். சினிமாவில் காட்டுவதுபோல் அரை நிமிடத்தில் திரையில் பெயர் வந்து நிற்காது.

முதுகலை மாணவி, கூடலூர்:
ஐயா சொல்வதை ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு, ஏழாண்டு அல்லது அதற்கு மேல் சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே செல்ல வேண்டும் என்கிறது. மாதிரி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற பதிவு, சாட்சிக் கூண்டில் குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்வது போன்றவை வேதியியல் பட்டப்படிப்பில் வருவதில்லை. அவற்றை முதுகலையில் படித்துக்கொள்ளலாம்; காந்திநகரிலுள்ள தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் முதலியவை அறிவியல் பட்டதாரிகளை எடுத்துக்கொள்கின்றன. மாறாக, இளங்கலைத் தடய அறிவியலில் கைரேகை, ஆவணம், உளவியல் என்று பாடங்கள் பரந்துவிடுவதால் வேதியியலுக்குச் சில தாள்களே மிஞ்சக்கூடும்.

கோத்தகிரி அம்மா:
மிக்க நன்றி. சேர்வதற்கு முன் கல்லூரியில் எதைக் கேட்டறிய வேண்டும்?

ஓய்வுபெற்ற பகுப்பாய்வாளர், குன்னூர்:
குரோமடோகிராபி, நிறமாலை ஆகியவற்றைச் செய்முறை வகுப்பில் மாணவர்களே செய்கிறார்களா, அல்லது ஆசிரியர் செய்து காட்டுவதோடு முடிகிறதா என்று மூன்றாமாண்டு மாணவர்களிடம் கேளுங்கள். கருவி குறைவாக இருந்தால் கோடை விடுமுறையில் ஊட்டியிலோ கோவையிலோ மருந்தியல் கல்லூரி ஆய்வகம் ஒன்றில் பயிற்சிக்கு அனுமதி கேட்டு எழுதலாம். அரசு ஆய்வகங்களின் பழைய வேலை அறிவிப்புகளையும் எடுத்து, வேதியியல் பிரிவுக்கு என்ன பட்டம் கேட்டிருக்கிறார்கள் என்று மகளையே பார்க்கச் சொல்லுங்கள்.